கல்லாற்றுக்கு மேலே ஒரு எம்ஜி

கல்லாற்றுப் பாக்குத் தோப்புகள் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் துவாரகநாதன் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு வந்தார். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அப்படியானால் இடது கால் கிளட்சை மிதித்திருக்க வேண்டும். மிதித்ததை அவர் உணரவில்லை, விழுந்த கியரை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். கொஞ்ச காலமாக எல்லாமே இப்படித்தான். நடந்து முடிந்த காரியத்தைப் பார்த்து, நடத்தியது எது என்று ஊகிக்க வேண்டியிருந்தது. எஞ்சின் உறுமினால் வலது கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது. வண்டி தயங்கினால் பிரேக்குக்கு வந்துவிட்டது. இரண்டும் இல்லையென்றால் கால் எங்கேயோ நடுவில், இரண்டு மிதிகளுக்கும் இடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் வரைக்கும் அது அவருடைய கால், அதற்கப்புறம் ஈர மணல் நிரப்பிய ஒரு பை. மணல் கூட இல்லை, மணலுக்குக் கனமாவது தெரியும். காற்று நெற்றியில் அடித்தது, ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்பது மணிக் காற்று, யூகலிப்டஸ் வாசம் இன்னும் வரவில்லை, பர்லியாறு தாண்டினால்தான் வரும். நெற்றிக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரிகிறது, ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்களில் எஞ்சினின் நடுக்கம் பாதி தெரிகிறது, மீதியைப் பழக்கத்தால் நிரப்பிக்கொள்கிறார். விரல் நுனிகளிலும் ஆரம்பித்துவிட்டதோ என்று போன வாரம் சட்டைப் பொத்தான் போடும்போது தோன்றியது. தோன்றியதை அப்படியே அங்கே விட்டுவிட்டு மேலே இருந்த பொத்தானுக்குப் போய்விட்டார்.

பக்கத்து சீட்டில் இந்துமதி இருந்தாள். அதுதான் இன்றைக்குப் புதிது. இந்த வண்டியில் அவள் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. காற்று கழுத்தைப் பிடிக்கிறது, தரையோடு தரையாக உட்கார்ந்தால் லாரியின் சக்கரம்தான் முகத்துக்கு நேரே வருகிறது என்று சொல்லி ஒருநாள் நிறுத்தியவள் நிறுத்தியதுதான். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், ஒன்றை முடிவு செய்துவிட்டால் முத்திரை குத்தியது மாதிரி. இன்று காலை அவர் ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே எடுத்தபோது வாசலில் கழுத்தைச் சுற்றி சால்வையோடு நின்றுகொண்டிருந்தாள், நானும் வரேன் என்றாள். எதுக்கு என்று கேட்டதற்கு சும்மாதான் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மேட்டுப்பாளையம் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் பேசவில்லை. திறந்த வண்டியில் பேசினால் கத்த வேண்டும், அறுபத்து மூன்று வயதில் கத்தி என்ன சொல்லப் போகிறோம். ஆனால் சும்மா என்ற அந்த ஒரு வார்த்தை அவர் மண்டைக்குள் காரமடையிலிருந்து கூடவே வந்துகொண்டிருந்தது, டயரில் ஒட்டிய கல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு தட்டுகிற மாதிரி. சும்மா. இந்துமதி சும்மா எதுவும் செய்கிறவள் இல்லை. அவர் போகிற குன்னூரில் அவளுக்கு யாருமில்லை. செடி வாங்க வருகிறாளோ. வண்டியில் செடி வைக்க எங்கே இடம், ஸ்டெப்னியே பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டே பேர் உட்காருகிற வண்டி. எம்ஜிஏ என்கிற இங்கிலாந்துக் கார், ஆயிரத்தைந்நூறு மாடல், ஐம்பத்தாறாம் வருஷத்து வண்டி. எண்பத்தாறில் குன்னூருக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டின் உரக் கொட்டகையில் அவர் அதை முதலில் பார்த்தபோது எஞ்சின் இல்லை, கோழி இருந்தது. சீட் இருந்த இடத்தில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி அவரைப் பார்த்துச் சிலிர்த்தது. மூக்கின் வளைவு மட்டும் துருவுக்குள்ளும் அப்படியே இருந்தது, சக்கரத்தின் மேல் ஏறி இடுப்பில் இறங்கி மறுபடி பின்சக்கரத்தின் மேல் ஏறுகிற அந்த ஒற்றைக் கோடு. பீளமேட்டில் பம்ப் கம்பெனியின் வரைபடப் பிரிவில் அவர் அப்போது பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் வளைவுகளை வரைந்துகொண்டிருந்தார், ஒரு கோட்டை எங்கே ஆரம்பித்து எங்கே விடுவது என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். இந்தக் கோட்டை வரைந்தவன் கையைத் தூக்காமல் வரைந்திருக்கிறான் என்று நினைத்தார். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஷெட்டில் இறக்கியபோது இந்துமதி பார்த்துவிட்டு, இதுக்குள்ள என்னுங்க இருக்கு, ஒண்ணுமே இல்லியே என்றாள். உள்ளே ஒன்றுமில்லாததுதான் வசதியாகப் போயிற்று. அம்பாசடர் எஞ்சினை வைத்தார். முன்சக்கரங்களுக்கு மாருதியின் டிஸ்க் பிரேக், ரேடியேட்டருக்கு மாருதியின் மின்விசிறி, தரைக்குத் தேக்குப் பலகை, சீட்டுக்கு உக்கடத்தில் தைத்த தோல். ஒரிஜினல் என்று சொல்ல உடம்பும் கியர்ப் பெட்டியும் ஸ்டீயரிங் நடுவிலிருக்கும் எண்கோண முத்திரையும்தான். பழைய கார் சங்கத்தின் செயலாளர் சுந்தரவரதன் ஒவ்வொரு வருஷமும் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே, மாற்றியமைக்கப்பட்டது, என்று அடைப்புக்குள் எழுதுவார். அந்த அடைப்பு இருபது வருஷம் அவரை உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை. இப்போது எதுவும் உறுத்தவில்லை, அதுதான் சங்கடம்.

இந்த வருஷம் சுந்தரவரதனே போன் செய்து, குன்னூரில் கூடும்போது எம்ஜி கம்பெனியின் பாரம்பரியத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்களேன் என்று கேட்டார். எழுதி வைத்த தாள் சட்டைப் பையில் இருக்கிறது. மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். நண்பர்களே, எம்ஜி என்றால் மாரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் அது கார் விற்கிற, பழுது பார்க்கிற ஓர் இடம், அவ்வளவுதான். அங்கே மேனேஜராக இருந்த செசில் கிம்பர் என்பவர் சாதாரண மாரிஸ் கார்களை எடுத்து, இலேசான வேறு உடம்பு கட்டி, கொஞ்சம் தாழ்த்தி, கொஞ்சம் முடுக்கி விற்றார். ஆகவே முதல் எம்ஜியே மாற்றியமைக்கப்பட்ட வண்டிதான். இந்த இடத்தில் சுந்தரவரதனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்க வேண்டும் என்று தாளின் ஓரத்தில் குறித்திருந்தார். அப்புறம், நம் அம்பாசடர் எது, அதே மாரிஸின் ஆக்ஸ்ஃபோர்டு என்கிற மாடல்தான், ஐம்பதுகளில் கப்பலேறி இந்தியா வந்தது. அதன் எஞ்சினும் இந்த எம்ஜிஏ எஞ்சினும் ஒரே குடும்பம், ஒரே அளவு, ஆயிரத்து நானூற்று எண்பத்தொன்பது சிசி. ஆகவே நான் வேற்று எஞ்சினை வைக்கவில்லை, பிரிந்துபோன ஓர் அண்ணன் தம்பியைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இங்கே கைதட்டுவார்கள். அப்புறம் ஆபிங்டன். தோல் பதனிடும் ஆலையாக இருந்த கட்டடத்தின் ஒரு பகுதியில் தொழிற்சாலை, ஐம்பது வருஷம், எண்பதாம் ஆண்டு அக்டோபரில் கடைசி வண்டி வெளியே வந்தது, கதவை மூடினார்கள். வரிசையாக வந்த நினைவு இந்த இடத்தில் நிற்காமல் பின்னால் போய்க் கிம்பரிடம் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் இங்கேதான் மாட்டுகிறது. கிம்பரை நாற்பத்தொன்றில் கம்பெனியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தைந்தில் லண்டனிலிருந்து கிளம்பிய ஒரு ரயிலில் உட்கார்ந்திருந்தார். ரயில் சுரங்கத்துக்குள் மேட்டில் ஏற முடியாமல் சக்கரம் வழுக்கி நின்று, பின்பக்கமாக மெதுவாக உருண்டு வந்தது, யாரும் கவனிக்காத அளவுக்கு மெதுவாக. கடைசிப் பெட்டி தடம் புரண்டது. செத்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் அவர். வாழ்க்கை முழுவதும் வேகத்தைச் செய்தவர், ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் செத்துப்போனார். இதைக் கூட்டத்தில் சொல்வதா வேண்டாமா. சொன்னால் எந்தக் குரலில் சொல்வது. அந்த ரயில் பின்னால் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா. இருட்டுச் சுரங்கத்தில், புகையில், ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாதபோது முன்னால் போகிறோமா பின்னால் போகிறோமா என்று உடம்புக்கு எது சொல்லும். கால்தான் சொல்லும். தரையில் ஊன்றிய பாதம் சொல்லும்.

பாதம். சர்க்கரை டாக்டரம்மா ஜூலையில் அவரை மேசையில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் நூலால் பாதத்தைத் தொட்டாள். தொடும்போது சொல்லுங்க என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். மின்விசிறிச் சத்தம் கேட்டது, வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற குரல் கேட்டது, பாதத்திலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, பரீட்சையில் கேள்வியே புரியாத மாதிரி. அப்புறம் டாக்டரம்மாவின் வளையல் இலேசாகக் கிலுங்குவதைக் கவனித்தார். வளையல் கிலுங்கியபோதெல்லாம் ஆமாம் என்றார். பத்துக்கு ஏழு. ஏழு வாங்கிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக் கூட இருந்தது. அவள் நூலைக் கீழே வைத்துவிட்டு, கடைசி மூணு தடவை நான் தொடவே இல்லீங்க, கையை மட்டும்தான் அசைச்சேன் என்றாள். திட்டவில்லை. கார் ஓட்டுவீங்களா என்று கேட்டாள். எப்பவாவது என்றார். இனி வேண்டாம், வீட்டில் சொல்லிடுங்க, தினமும் காலை யாராவது பார்க்கணும், செருப்பு போடுமுன் உதறிப் போடணும் என்றாள். வெளியே வந்தபோது வராந்தாவில் இந்துமதி உட்கார்ந்திருந்தாள், என்ன சொன்னாங்க என்றாள், சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்குதாம் என்றார். அது பொய்யில்லை. ஐந்து மாதமாக அது பொய்யில்லை. காலையில் கால் துடைக்கும்போது தலையைக் குனிந்து பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பார், பார்க்க மாட்டார். பார்த்தால் அது இருக்கும், அங்கே, ஷோ கேஸில் இருக்கிற சாமான் மாதிரி. கம்பெனியில் வார்ப்படப் பிரிவில் இருந்த சின்னய்யன் பாதத்தில் ஒரு கொப்புளத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய் முழங்காலுக்கு மேலே முடித்துக்கொண்டு திரும்பி வந்தான். பார்க்கப் போனபோது, போன கால்தான் சார் இப்ப அரிக்குது, இருந்தப்ப ஒண்ணுமே தெரியல என்று சொன்னான். அதைக் கேட்டுப் பயந்திருக்க வேண்டும். பயம் வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை, எங்கேயோ வந்த செய்தியைப் பேப்பரில் படிப்பது போலப் பயம் என்று ஒன்று எழுதப்பட்டிருந்ததை அவர் படித்தார்.

ஓட்டுவதை நிறுத்தவில்லை. அதற்குப் பதிலாக வண்டியை மாற்றினார், அவருக்குத் தெரிந்தது அதுதான். பிரேக் மிதியின் மேல் பட்டையான இரும்புத் தகடு ஒன்றை வைத்துக் கால் வழுக்காமல் அதன் ஓரத்தில் விளிம்பு எழுப்பினார். ஆக்ஸிலரேட்டரின் பக்கத்தில் பம்ப் வாஷர் ரப்பரில் ஒரு தடுப்பு. அதிலும் திருப்தி வராமல் போன மாதம் பிரேக் மிதிக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு வைத்தார், கால் அதன் மேல் அமர்ந்தால் டிக் என்று சத்தம் வரும். பாதத்துக்குத் தெரியாததைக் காதுக்குத் தெரிய வைத்துவிட்டோம் என்று அன்றைக்கு ஷெட்டில் தனியாக நின்று ஒரு பீடி கூடப் பிடித்தார், விட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தும். நாலு நாள் கழித்துத்தான் அது எவ்வளவு கேவலமான ஏற்பாடு என்று புரிந்தது, அப்போதும் கழற்றவில்லை. அவிநாசி ரோட்டில் நன்றாகத்தான் வேலை செய்தது. டிக், வண்டி நின்றது. டிக், நின்றது. ஆனால் மலை வேறு. இரண்டாம் கியரில் எஞ்சின் கத்துகிறது, முன்னால் போகிற பஸ் கத்துகிறது, எதிரே இறங்குகிற லாரிகள் எஞ்சின் பிரேக்கில் கத்துகின்றன, பாறைச் சுவர் எல்லாவற்றையும் வாங்கித் திருப்பி அடிக்கிறது. முதல் கொண்டை ஊசி வளைவில் டிக் கேட்டது. இரண்டாவதில் கேட்டதா என்று தெரியவில்லை, வண்டி மெதுவாயிற்று, அப்படியானால் கேட்டிருக்க வேண்டும். பதினாலு வளைவு. இன்னும் பன்னிரண்டு. பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பதற்குக் கூடக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டும், அதைவிட முக்கியமாகக் கீழே காலைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை கீழே, ஒரு தடவை மேலே. கீழே பார்த்தால் வெள்ளை கேன்வாஸ் ஷூ தெரிகிறது, இருட்டில் வாத்து மாதிரி. அது ஆக்ஸிலரேட்டரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சரி. மேலே பார். பஸ்ஸின் முதுகு. ஒலி எழுப்பவும் என்று எழுதியிருக்கிறது. ஜன்னலோரத்தில் ஒரு பெண் தலையைக் கம்பியில் சாய்த்து எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருகிறாள். பள்ளத்தாக்கின் பக்கம் பாலை ஊற்றிவிட்டது மாதிரி மேகம். நண்பர்களே, எம்ஜி என்றால் மாரிஸ் கராஜஸ். கீழே பார். வாத்து இருக்கிறது. இந்துமதி ஏன் வந்தாள்.

மூன்றாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் மேலேயிருந்து நீளமான லாரி ஒன்று இறங்கி வந்து, வளைவை ஒரே வீச்சில் எடுக்க முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பஸ் நின்றது. பஸ்ஸின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்ததை அவர் பார்த்தார். பார்த்த உடனே காலை மாற்றினார், மாற்றுவதாக நினைத்தார், தொடை தூக்கியது, முழங்கால் இடது பக்கம் நகர்ந்தது, அவ்வளவு தூரம் அவருக்கே தெரிந்தது, அதற்குக் கீழே என்ன நடந்தது என்று தெரியவில்லை. மிதித்தார். எஞ்சின் கத்தியது. தெரியாமல் கொஞ்சம் அழுத்தமாகவே மிதித்திருக்கிறார், வண்டி முன்னால் எகிறியது, பஸ்ஸின் முதுகு பெரிதாயிற்று, ஒலி எழுப்பவும் என்பதில் ஒ மட்டும் ஒரு தட்டு அளவுக்குப் பெரிதாக வந்தது. இன்னும் அழுத்தினார், ஏனென்றால் அது பிரேக், பிரேக் என்று அவருடைய மொத்த உடம்பும் நம்பியது, பிரேக் பிடிக்கவில்லையென்றால் இன்னும் அழுத்தத்தானே வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால் அந்த நேரத்திலும் அவருக்குள் அமைதியாக இருந்தது. மாருதி டிஸ்க்கில் ஆயில் பட்டிருக்குமோ என்று ஒரு பகுதி யோசித்தது. அப்புறம் அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில் ஏதோ கிறீச்சென்று இழுபட்டது, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் ஒரு சாண் சறுக்கியது, தலை முன்னால் போய்த் திரும்பியது, அந்த உலுக்கலில் கால் எங்கிருந்தோ எங்கேயோ விழுந்திருக்க வேண்டும், எஞ்சின் இருமி அணைந்துவிட்டது. எல்லாம் நின்றது. பஸ்ஸின் பம்பருக்கும் எம்ஜியின் மூக்குக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் இருந்தது.

சத்தம் போனதும் முதலில் ஓடையின் சத்தம் கேட்டது. அப்புறம்தான் அவர் பக்கத்தில் பார்த்தார். இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த ஹேண்ட் பிரேக் முழுக்க மேலே தூக்கியிருந்தது, அதன் தலையில் இந்துமதியின் வலது கை இருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கையைச் சால்வை நுனிக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறாள், இப்போது சால்வை விலகித் தெரிந்தது. கண்டக்டர் இறங்கி வந்து இடைவெளியைக் குனிந்து பார்த்தார், வண்டியைப் பார்த்தார், இரண்டு பேரின் தலை நரையைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து, பார்த்து வாங்கம்மா என்று இந்துமதியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். லாரி மெதுவாக ஒடித்து இறங்கிப் போயிற்று. பஸ் கிளம்பி வளைவில் மறைந்தது. பின்னால் வந்த இரண்டு கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றிப் போயின. அவருக்கு வண்டியைக் கிளப்ப வேண்டும் என்று தோன்றவில்லை, கிளப்ப வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

"எப்ப இருந்து கைய அங்க வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

"வீட்டுல இருந்துங்க."

நாற்பது கிலோமீட்டர். அவர் அதைத்தான் யோசித்தார், ஒரு கை நாற்பது கிலோமீட்டர் இரும்பைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்தும் அவர் அதைப் பார்க்கவில்லை, தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். சொல்ல வேண்டியதை இப்போது சொல்லிவிடுவது சுலபம் என்று பட்டது, மலைப்பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி நின்றிருக்கிறது, சத்தமில்லை.

"இந்து, என் கால் எனக்குத் தெரியறதில்ல."

"தெரியுமுங்க."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். புரட்டாசியில் ஒருநாள் பேப்பர் எடுக்கப் போய்விட்டு வீட்டுக்குள் வந்தாராம், ஒரு காலில்தான் செருப்பு இருந்ததாம். இன்னொன்று கேட்டுக்குப் பக்கத்தில் ஜல்லிக்கல்லின் மேல் கிடந்ததாம். அவர் அப்படியே வந்து உட்கார்ந்து பேப்பரை விரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாராம். அவள் போய் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, மற்றதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சமையல்கட்டில் போய்க் கொஞ்ச நேரம் நின்றாளாம். மறுநாளே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறாள். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன் என்றாள். அதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, தபால் ஆபீஸில் ஒரு கடிதம் வந்து சேர இத்தனை நாள் ஆகும் என்று சொல்கிற தொனிதான் இருந்தது. அப்படியானால் சாவியை ஒளித்து வைத்திருக்கலாமே என்று அவர் கேட்டார். அவள் சால்வையை இழுத்துச் சரி செய்தாள். அப்புறம், முப்பது வருஷமா ஒவ்வொரு போல்ட்டா மாட்டுனீங்க, நான் எப்படிங்க சாவிய எடுக்கறது என்றாள்.

வண்டியை ஓரத்தில் ஒதுக்க வேண்டும். அவள் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்து, பின்பக்கம் சரிவில் உருட்டிக் கல் கட்டைச் சுவரோரமாக நிறுத்தினார்கள். அவர் கதவைத் திறந்து இறங்கினார். தாழ்ந்த வண்டியிலிருந்து இறங்குவதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது, முதலில் இடுப்பு, அப்புறம் கை, கடைசியில் கால்களைச் சாமான் மாதிரி எடுத்து வெளியே வைப்பது. நிமிர்ந்து நின்றபோது இந்துமதி சுற்றி வந்து அவருக்கு எதிரே நின்றாள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, அந்தக் காலைத் தூக்குங்க."

வலது ஷூவின் பக்கவாட்டில், கேன்வாஸ் ரப்பரோடு சேருகிற இடத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பாக ஊறியிருந்தது. அவர் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார், அவள் ரோட்டில் குந்தி உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். ஷூவைக் கழற்றியபோது சாக்ஸும் சேர்ந்தே வந்தது, பாதி வழியில் எதிலோ மாட்டி நின்றது. அவள் விரலால் தடவித் தேடினாள். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே சதையான இடத்தில், ஒரு ஸ்குரூ தலைவரைக்கும் இறங்கியிருந்தது. தரைப் பலகையைப் பிடிக்கிற ஸ்குரூ, முக்கால் அங்குலம், முனை கூரானது. அதைப் பார்த்ததும் அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. காலையில் ஷெட்டில் அலமாரி மேலிருந்த டப்பா கவிழ்ந்து ஸ்குரூக்கள் சிதறின. பன்னிரண்டில் பதினொன்றுதான் கிடைத்தது. பன்னிரண்டாவதைக் காந்தத்தைக் கட்டித் தரை முழுக்க இழுத்துத் தேடிக் கால் மணி நேரம் வீணாக்கினார், அலமாரிக்குக் கீழேதான் ஷூ இருந்தது, அதை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். இங்கே இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோதும் அவர் அதை உள்ளே அழுத்திக்கொண்டு வந்திருக்கிறார், கோயம்புத்தூரிலிருந்து, நண்பர்களே என்று ஆரம்பித்து எத்தனை தடவை. இந்துமதி கைக்குட்டையால் சுற்றிப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் கோணியது, பல்லைக் கடித்தாள், கண்ணில் நீர் வந்துவிட்டது. வலி அவள் முகத்தில் இருந்தது. அவர் அதை அங்கே பார்த்து, இந்த அளவுக்கு வலிக்கும் போலிருக்கிறது என்று தெரிந்துகொண்டார். இரத்தம் வந்தது, நல்ல சிவப்பு, சூடாக இருந்தது என்று அவள்தான் சொன்னாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவினாள், கைக்குட்டையை மடித்து வைத்து, சால்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கட்டினாள். நல்ல சால்வை, அவள் ரிட்டயர் ஆனபோது ஆபீஸில் போர்த்தியது.

அவர் கட்டைச் சுவரில் உட்கார்ந்தபடியே, மேல போயிட்டு ஒரு மணி நேரத்துல திரும்பிரலாமா என்று கேட்டார். கேட்டது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. இந்துமதி ஸ்குரூவைத் துடைத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டாள், டாக்டர் பார்க்க வேண்டுமே. அப்புறம் கையை நீட்டினாள். சாவியைக் கேட்கிறாள் என்று அவர் நினைத்தார். சாவி வண்டியிலேயே இருந்தது, அவர் கொடுத்தது தன் கையை, அதைப் பிடித்து அவரை எழுப்பி இடது பக்கக் கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. முப்பது வருஷம் அந்த சீட்டின் தோலை மாற்றியிருக்கிறார், அடியில் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறார், உட்கார்ந்து பார்த்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் பானெட்டின் வளைவு வேறு மாதிரி இருந்தது, அவருக்குத் தெரிந்த கோடு அல்ல, எதிர்த்திசையில் போகிற ஒன்று.

இந்துமதி செருப்பைக் கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் போட்டாள். நாற்பது வயதில் மாருதியில் ஓட்டக் கற்றுக்கொண்டவள், காய்கறிக்கும் கோயிலுக்கும் ஓட்டுகிறவள். கால் எட்டவில்லை, முதுகுக்குப் பின்னால் அவருடைய ஸ்வெட்டரைச் சுருட்டி வைத்துக்கொண்டாள். மிதிகளின் மேலிருந்த தகட்டையும் ரப்பரையும் வெறுங்காலால் தடவிப் பார்த்தாள், என்னென்னமோ பண்ணி வெச்சிருக்கீங்க என்றாள். டிக் என்றது. ரிவர்ஸ் எங்கே என்று கேட்டாள், சொன்னார். இரண்டு தடவை எஞ்சினை அணையவிட்டு, மூன்றாவது தடவை கிளப்பி, ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு, மேலேயும் கீழேயும் வந்த வண்டிகளை நிறுத்திவைத்து, வண்டியைக் கீழே பார்க்கத் திருப்பினாள். யாரோ ஹாரன் அடித்தார்கள், அவள் அவசரப்படவில்லை. ஸ்டீயரிங் இவ்வளவு கனமா என்றாள். நிக்கறப்பதான் கனம், ஓடினா இருக்காது என்றார்.

ஓடியது. அவர் நினைத்ததைவிட வேகமாக ஓடியது. அவளுக்கு இந்த எஞ்சினின் இழுப்பு தெரியாது, மாருதியில் மிதிக்கிற அளவு இதில் மிதித்தாள், இறக்கம் வேறு. முதல் திருப்பத்தில் கல் சுவர் நேராக அவர் முழங்கைக்கு வந்தது, அவருடைய பக்கம், பள்ளத்தாக்கின் பக்கம், தொட்டுவிடுகிற தூரத்தில் சரிந்து பின்னால் போயிற்று. கீழே பாக்குத் தோப்புகளின் தலைகள் தெரிந்தன. உள்ளங்கை வியர்த்தது, வாய் உலர்ந்தது, கதவின் விளிம்பைப் பிடித்தார். பயம். அது எழுதி வைத்த செய்தி இல்லை, நேரில் வந்துவிட்டது, நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஐந்து மாதத்துக்கும் சேர்த்து வந்த மாதிரி இருந்தது. அடுத்த வளைவுக்கு அவள் பிரேக் பிடிக்கும்போது, பிடிக்கும் முன்பே, தன் வலது முழங்கால் விறைத்து நீண்டிருப்பதை அவர் பார்த்தார். கட்டுப் போட்ட பாதம் தரைப் பலகையின் மேல் அழுந்திக்கொண்டிருந்தது. சால்வைத் துணியில் சிவப்பு பரவத் தொடங்கியிருந்தது.

"அங்க பிரேக் ஒண்ணும் இல்லீங்க" என்றாள் இந்துமதி. "காலை எடுங்க, ரத்தம் வருது பாருங்க."

அவர் தொடையைப் பிடித்துத் தூக்கினார். கீழே பார்க்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் சாலையிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

"எடுத்துட்டேனா?"

அவள் ஒரு நொடி கீழே பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எடுத்துட்டீங்க" என்றாள், மூன்றாம் கியருக்கு மாற்றினாள்.